கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஓர் அம்மா

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. கள்ளக்குறிச்சியில், கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில் நான் பல் ஆஸ்பத்திரி வைத்திருந்தேன். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். முன்னால் ஓர் அறை, அதில் ஒரு நாற்காலி, வெளியே நோயாளிகள் உட்கார ஒரு மர பெஞ்சு, பின்னால் நானும் மனைவியும் குடியிருந்த இரண்டு அறைகள். அவ்வளவுதான். முன்கதவுக்கு மட்டும் மெட்ராஸில் பார்த்து ஆசைப்பட்டு மங்கலான கண்ணாடி போட்டிருந்தேன். வெளியே நிற்கிற ஆளின் முகம் தெரியாது, நிழல் மட்டும் தெரியும். அந்தக் கண்ணாடி என்னைப் படுத்திய பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. பல் டாக்டரைப் பார்க்கச் சிரித்துக்கொண்டே வருகிறவர் யாருமில்லை. காலையிலிருந்து இரவு வரை நமக்கு முன்னால் வாயைத் திறக்கிற எல்லா முகத்திலும் பயம்தான் இருக்கும். சுற்று வட்டாரத்தில் அப்போது வேறு பல் டாக்டரும் இல்லை. ஒரு சந்தேகம் என்றால் கேட்க ஆளில்லை. ஒரு தப்பு செய்துவிட்டால் சொல்லி அழவும் ஆளில்லை. இதெல்லாம் பெரிய விஷயமென்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. திமிர்தான், வேறென்ன? என் கை மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கல்வராயன் மலையிலிருந்து ஓர் அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். வலது பக்கக் கீழ்க் கடைவாயில் வலி, பத்து நாளாகத் தூக்கமில்லை என்றார். கூட வந்த வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பார்த்தேன். கடைசிக்கு முந்தைய பல்லின் பின்பக்கம் பெரிய ஓட்டை. அந்தப் பல்லைக் காப்பாற்ற வழியில்லை, எடுத்துவிடலாம் என்று சொல்லி, தாடை மரத்துப்போக ஊசி போட்டேன்.

ஊசி வேலை செய்யக் காத்திருந்த நேரத்தில் கரண்ட் போனது. அதே நேரம் கடைத்தெருவில் கோஷம் கேட்டது. ஊர்வலம் வருகிறது, ஜன்னலைச் சாத்துங்கள் என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். எனக்கு உதவிக்கு இருந்த நர்ஸம்மா மூங்கில்துறைப்பட்டுக்காரர். அவர் ஜன்னல்களை அடைத்துவிட்டு டார்ச்சைப் பிடித்தார். டார்ச் வெளிச்சம் ஓர் இடத்தில் நிற்கவில்லை. பஸ் நின்றுவிட்டால் வீட்டுக்கு எப்படிப் போவது என்ற கவலை அவருக்கு.

"சீக்கிரம் முடிங்க டாக்டர். கடையெல்லாம் சாத்திக்கினு இருக்காங்க."

நானும் அவசரப்பட்டேன். இடுக்கியை வைத்து அசைத்தேன். பல் லேசில் வரவில்லை. எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஒருவழியாக வேரோடு வந்தபோது, பார்த்தாயா என் கையை என்று மனசுக்குள் ஒரு பெருமை வேறு. பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு, ஜன்னல் இடுக்கில் வந்த வெளிச்சத்தில் பல்லைத் திருப்பிப் பார்த்தேன்.

அதில் ஓட்டை இல்லை. வெள்ளை வெளேரென்று, ஒரு குறையும் இல்லாத முழுப் பல். பக்கத்துப் பல்லைப் பிடுங்கியிருந்தேன்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லிவிட்டுச் சொத்தையையும் எடுத்திருக்க வேண்டும். வாய் வரவில்லை. எழுந்து கிளம்பிய அந்த அம்மா, பஞ்சைக் கடித்தபடியே கையை நீட்டினார்.

"அந்தப் பல்லக் குடுங்க டாக்டரே. எடுத்துக்கினு போறேன்."

எங்கள் பக்கம் பலர் இப்படிக் கேட்பதுண்டு. நம் உடம்பில் இருந்தது கண்ட இடத்தில் கிடக்கக் கூடாது என்று, காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டு போய் வீட்டுப் பக்கம் புதைப்பார்கள். நானும் எத்தனையோ பேருக்கு மடித்துக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்குக் கொடுத்திருந்தால் பல்லைப் பார்த்த உடனே அவருக்கு விஷயம் தெரிந்துபோயிருக்கும்.

"குப்பையில போட்டாச்சும்மா" என்றேன். பல் என் உள்ளங்கையில்தான் இருந்தது.

அவர் என் மூடிய கையை ஒருமுறை பார்த்தார். மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்காரரோடு மலை பஸ்ஸைப் பிடிக்கப் போனார். நர்ஸம்மாவும் கிளம்பினார்.

மறுநாள் விடிந்தபோது ஊருக்குள் வருகிற எல்லாச் சாலையிலும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் கிடையாது, கடை கிடையாது. நர்ஸம்மா வர முடியவில்லை. என் மனைவி பிரசவத்துக்காகச் சின்னசேலத்தில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். நானும் அந்தப் பல்லும்தான் வீட்டில்.

பல்லைக் காகிதத்தில் சுற்றி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டியிருந்தேன். படுத்தால் தூக்கம் வரவில்லை. சொத்தை உள்ளேயே இருக்கிறது, அது சீழ் பிடிக்கும், சீழ் தாடைக்குக் கீழே இறங்கினால் தொண்டையை அடைக்கும், தொண்டை அடைத்தால் உயிர் போகும். படித்த படிப்பெல்லாம் வரிசையாக வந்து பயமுறுத்தியது. போய்ப் பார்க்கலாமென்றால் அவர் மலையில் எந்த ஊர் என்றுகூட நான் கேட்டு வைக்கவில்லை. மூன்றாவது நாள் காலை சட்டைப் பையில் ஏதோ உறுத்தியது. எடுத்துப் பார்த்தால் அந்தக் காகிதப் பொட்டலம். டிராயர் பூட்டியபடியே இருந்தது. எப்போது திறந்தேன், எப்போது எடுத்தேன் என்று சத்தியமாக எனக்கு ஞாபகமில்லை. திரும்ப டிராயரில் வைக்கப் பயந்து பையிலேயே விட்டுவிட்டேன்.

நாலாவது நாள் உச்சிவேளை. தெருவில் நாய்கூட இல்லை. முன்னறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பெஞ்சில் ஒரு நிழல். தலையில் முக்காடு, வலது கன்னத்தில் கை. அசையாமல் உட்கார்ந்திருந்தது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். பெஞ்சில் யாருமில்லை. தெருவின் இரண்டு முனைக்கும் ஓடிப் பார்த்தேன். வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து பெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். எதற்குத் தொட்டேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

அன்றைக்கு முடிவு கட்டிவிட்டேன், எனக்குப் புத்தி பேதலிக்கிறது என்று. இன்னொரு பயமும் இருந்தது, சொன்னால் சிரிப்பீர்கள். அந்த அம்மா மலையில் செத்துப்போயிருப்பார், பல்லைக் கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நான் அறிவியல் படித்தவன்தான். தனியாக நாலு நாள் தூங்காமல் இருந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

ஐந்தாவது நாளும் அதே உச்சிவேளையில் அதே நிழல் வந்தது. இந்த முறை கதவில் தட்டும் சத்தமும் கேட்டது. மெதுவாக, மூன்று தட்டு. நான் எழுந்திருக்கவில்லை. திறந்தால் யாரும் இருக்க மாட்டார்கள், நேற்றே பார்த்தாயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெகுநேரம் கழித்து நிழல் போய்விட்டது.

ஆறாவது நாள் அது கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தது. "டாக்டரே" என்று ஒரு குரல். வாய் திறக்காமல் பேசுகிற மாதிரி, பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு குரல். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, நோயாளிகளின் நாற்காலியில் போய்ச் சாய்ந்து படுத்துக்கொண்டேன். அந்த நாற்காலியில் அன்றுதான் முதல்முறையாகப் படுத்தேன். மேலே பார்த்தால் ஒட்டடை தெரிந்தது. இத்தனை வருஷமாக எல்லோரும் பயந்துகொண்டே இதைத்தான் பார்த்தார்களா என்று நினைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

அன்று சாயங்காலம் எதிர்ப்பக்க டீக்கடைக்காரர் பலகையை அரைவாசி திறந்து என்னைக் கூப்பிட்டார். எப்போதும் கேலி பேசுகிற மனுஷர். அன்று முகத்தில் சிரிப்பு இல்லை.

"இன்னா டாக்டரே, உள்ள இருந்துக்கினே கதவத் தொறக்க மாட்டேன்றீங்க? அந்த மலைக்காரம்மா நேத்தும் இன்னிக்கும் வந்து தட்டிக்கினே கெடந்துச்சு. மூஞ்சி வீங்கிப் போய்க் கெடக்குது. அவ்ளோ பயமா உங்களுக்கு?"

"நீங்க பாத்தீங்களா? கண்ணால பாத்தீங்களா?" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"நல்லா கேட்டீங்க போங்க. நான்தான தண்ணி குடுத்தேன். முழுங்க முடியல அதுக்கு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போச்சுங்க."

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். பஸ் இல்லாத பஸ் ஸ்டாண்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அவ்வளவு பெரிய இடத்தில் ஒரு சத்தம் இல்லை. கூரைக்குக் கீழே கடைசித் தூண் ஓரமாக அந்த அம்மா துண்டை விரித்துப் படுத்திருந்தார். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த அம்மாவின் முந்தானையாலேயே விசிறிக்கொண்டிருந்தார். கிட்டே போகவே பயமாக இருந்தது. குனிந்து நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. அந்தச் சூட்டைத் தொட்ட பிறகுதான் இது உயிருள்ள மனுஷி என்று நம்பினேன்.

தாடைக்குக் கீழே கல் மாதிரி வீக்கம். வாய் ஒரு விரல் அகலத்துக்குமேல் திறக்கவில்லை. பயந்தது அப்படியே நடந்திருந்தது. நானும் வீட்டுக்காரரும் தாங்கிப் பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனோம். டூட்டியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். பார்த்ததுமே அவர் முகம் மாறியது. பாண்டிச்சேரிக்கோ கடலூருக்கோ அனுப்ப வேண்டிய கேஸ், ஆனால் வழியெல்லாம் மரம் கிடக்கிறது, இங்கேயே செய்வோம், நீங்கள் கூட நில்லுங்கள் என்றார். தாடைக்கு அடியில் கீறிச் சீழை வெளியேற்றினோம். பென்சிலின் போட்டோம். மூச்சு அடைத்தால் தொண்டையில் துளை போடுவதற்குக் கத்தியைத் தயாராகப் பக்கத்திலேயே வைத்திருந்தார். நான் அந்த அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, கத்திக்கு வேலை வரவில்லை.

மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. வாய் திறந்தது. சொத்தைப் பல்லை எடுக்க வேண்டும். அதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா, அன்னிக்கு நான் எடுத்தது நல்ல பல்லு. தெரிஞ்சும் உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

திட்டுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"தெரியும் டாக்டரே. வூட்டுக்குப் போயி நாக்கால தடவிப் பாத்தேன். ஓட்டப் பல்லு அங்கியேதான் இருந்துச்சு. தப்பா எடுத்தவரே சரியா எடுக்கட்டும்னுதான் நடந்தே வந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டார். "நீங்க உள்ள இருக்கறது நெழலாத் தெரிஞ்சுதே. ஏன் தொறக்கல?"

அவருக்கும் என் நிழல்தான் தெரிந்திருக்கிறது. "மொத நாள் தொறந்தேம்மா. நீங்க இல்ல. அதனாலதான் மறுநாள் வந்தது நீங்கதான்னு நம்பல" என்றேன்.

வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "மொத நாளா? நாங்க ரெண்டு நாள்தானங்க வந்தோம்?"

மூன்று நாள் என்று கிழமையோடு சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணினார். பிறகு தலையை ஆட்டினார்.

"அன்னிக்கு உச்சிப் பொழுதுக்கு நாங்க பாதி மலைதான் எறங்கியிருந்தோம். இவளால முடியலன்னு ஒரு பாறை மேல குந்திக்கினா. கன்னத்தப் புடிச்சிக்கினு ரொம்ப நேரம் குந்திக்கினு இருந்தா. முக்காடு போட்டுக்கினு."

அந்த வார்டில் அவ்வளவு பேர் இருந்தும் எனக்கு முதுகு சிலிர்த்தது. அந்த அம்மா மட்டும் சாதாரணமாகக் கையை நீட்டினார். சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். பிரித்துப் பார்த்தார். "நல்ல பல்லுதான்" என்றார், வருத்தத்தோடு. மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். அப்புறம் வாயைத் திறந்தார். சொத்தைப் பல்லை எடுத்து, கழுவி, அதையும் அவர் கையிலேயே கொடுத்தேன்.

அன்றைக்குத்தான் அந்தப் பெண் டாக்டர் என்னைத் தனியே உட்கார வைத்து, கடைசியாக எப்போது தூங்கினீர்கள் என்று கேட்டார். ஒன்பது நாளில் முதல்முறையாக எல்லாவற்றையும் ஒரு ஆளிடம் சொன்னேன். அவர் என்னை முட்டாள் என்றும் சொல்லவில்லை, பைத்தியம் என்றும் சொல்லவில்லை. மறைத்து வைத்த தப்பும் உள்ளே விட்ட சொத்தை மாதிரிதான், உங்களுக்கும் காய்ச்சல் கண்டிருக்கிறது என்றார். தூங்க மாத்திரை கொடுத்தார். வாரம் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போகச் சொன்னார். வெட்கத்தை விட்டுப் போனேன். போனதால்தான் இன்றைக்கும் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

இப்போதெல்லாம் பிடுங்குவதற்கு முன்னால் நோயாளியின் விரலாலேயே பல்லைத் தொட்டுக் காட்டச் சொல்லி, நர்ஸையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்ல வைக்கிறேன். பல்லைக் கேட்காதவர்களுக்கும் கேட்காமலே மடித்துக் கொடுக்கிறேன். அந்த நாலாம் நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தூக்கமில்லாத என் கண்ணாகவே இருக்கட்டும். ஆனால் கண்ணாடியில் ஒரு நிழல் விழுந்தால், வெளியே யாரும் இல்லையென்று நிச்சயமாகத் தெரிந்தாலும், எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்து உட்காருகிறேன்.