மாடியில் கும்மி ஆடலாமா?

தேங்காய் குவிக்கக் கீழே நடுத்தூண் இல்லாத இடம் வேண்டும் என்று, என் மகன் இரும்புச் சட்டங்களை முக்கோணமாய்க் கோத்த ட்ரஸ்களின் மேல் கான்கிரீட் ஊற்றி மாடி கட்டினான். மருமகளுக்கு அந்த மாடியின் மேல் கண். பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்கள் பக்கம் மழை குறைவு என்பார்கள். இந்த முறை விட்டபாடில்லை. களத்தில் கும்மி பழக வழியில்லை. கோயில் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, அவளுடைய குழு ஆட வேண்டும்.

"நடக்கறதுக்கு யோசனையே வேண்டாங்க. கும்மின்னா பாத்துட்டுத்தான் சொல்லோணும்," என்றாள் மாடிக்குக் கணக்குப் போட்ட இஞ்சினியர் பெண்.

மேலே கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், கீழே இரும்பு இழுப்பைத் தாங்கும், இரண்டும் நழுவாமல் பிடித்துக்கொள்ளக் காளான் மாதிரி தலை வைத்த ஆணிகள் உண்டு என்று விளக்கினாள். பலம் போதும். ஆனால் தளத்துக்கென்று ஒரு துள்ளல் இருக்கிறதாம். கும்மி மிதிப்பு அதோடு சேர்ந்துவிட்டால் ஆட்டம் கூடிக்கொண்டே போகுமாம். கணக்கில் துள்ளலின் வேகமும் மிதிப்பின் வேகமும் விலகித்தான் நிற்கின்றன. இருந்தாலும் நேரில் பார்க்க வேண்டும்.

குழுவை மாடிக்கு வரச் சொல்லி, அதிர்வைப் பார்க்கும் கருவியைத் தரையில் வைத்தாள்.

"முதல்ல சும்மா நடங்க. ஒருத்தர் காலோட ஒருத்தர் கால் சேரக்கூடாது."

கும்மிக்காரிகளுக்கு அது மட்டும் வரவில்லை. கொஞ்ச தூரம் போவதற்குள் அத்தனை காலும் ஒன்றாய் விழுந்தது. பேசிக்கொண்டே நடக்கச் சொன்னாள். பேச்சும் தாளத்தில் வந்தது. சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"எங்கத்தையக் கூப்புடுங்க," என்றாள் மருமகள். "அவங்க நடை யாருக்கும் ஒத்து வராது."

நான் படிக்கட்டில் மறைந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அய்யோ, நான் எதுக்கு கண்ணு?" என்பதற்குள் குழுவிலிருந்த பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்து இழுத்து நடுவில் விட்டாள். கூச்சத்தில் கால் பின்னியது. வேகமாய் நடந்தேன், மெதுவாய் நடந்தேன், திடீரென்று நின்றேன். பின்னால் வந்தவள் முட்டினாள். வரிசையே குலைந்தது.

"அப்படித்தானுங்கம்மா! அப்படியே போங்க!" என்றாள் இஞ்சினியர் பெண்.

அடுத்தது கும்மி. நழுவப் பார்த்தேன்.

"ஆள் குறையக்கூடாதுங்கம்மா."

பாட்டு எழுந்தது. மருமகள் வீட்டில் பாட, அடுப்படியில் நின்று தினமும் கேட்ட பாட்டுத்தான். காலுக்குத் தெரிந்திருந்தது. குனிந்து கை தட்டித் திரும்பினேன். பாதத்தின் கீழ் தளம் லேசாகச் சிலிர்த்தது. பாட்டை வேகப்படுத்தினார்கள், சிலிர்ப்பு கூடவில்லை.

இஞ்சினியர் பெண் கருவியைப் பார்த்தாள். "ஆடுங்க. நோம்பி முடிஞ்சும் ஆடலாம்."

"அத்தே, நாளைக்கும் வரோணுமாக்கும்," என்றாள் மருமகள்.

"மறுபடியும் நடக்கோணுமா?"

"ஆடறதுக்கு!"

விறுவிறுவென்று இறங்கிவிட்டேன். மறுநாள் முதலில் மாடியேறியது நான்தான். கையில் விளக்குமாறு வைத்திருந்தேன், யாராவது கேட்டால் பெருக்க வந்தேன் என்று சொல்ல.