கேம் பெட்டியில் ஓடிய கலியாணம்

எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு அந்தக் கேம் பெட்டி வந்தபோது அதில் விளையாட வீட்டில் ஆள் இல்லை. அவுஸ்திரேலியாவுக்குப் போன மேல்மாடிக்காரர்கள் விட்டுப்போன சாமான்களில் அதுவும் ஒன்று. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்காவிட்டால் கை அரிக்கும். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று அம்மா சொல்வதெல்லாம் என்னைப் பார்த்துத்தான்.

அதே மாதம் கனடாவிலிருந்து அக்காவின் கலியாண டிவிடி வந்தது. நாட்டில் சண்டைக் காலம். அத்தான் இங்கே வந்தால் திரும்பிப் போவது நிச்சயமில்லை என்று அக்கா அங்கே போய்த்தான் கட்டினாள். அம்மாவுக்கு விசா மறுத்துவிட்டார்கள். மூத்தவளின் கழுத்தில் தாலி ஏறுவதைத் தன் கண்ணால் காண வேண்டும், அம்மாவின் ஆசை அவ்வளவுதான். எங்களிடமிருந்த பழைய விசிடி பிளேயரோ அந்த டிஸ்க்கை விழுங்கி விழுங்கித் துப்பியது.

கேம் பெட்டியில் போட்டால் என்ன? கார் ஓட்டவும் சண்டை பிடிக்கவும் செய்த பெட்டிக்குக் கலியாணம் விளங்குமா என்று அறிய எனக்கு ஒரே ஆவல். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களை டிவியில் செருகினேன். ரிமோட் இல்லை. விளையாடும் கைப்பிடியில் பெருக்கல் குறி போட்ட பட்டனை அமத்தியதும் திரையில் பிள்ளையார் வந்தார், கறுப்பு வெள்ளையில்.

"இதென்ன, என்ரை கலியாண ஃபோட்டோ மாதிரிக் கிடக்கு. நிப்பாட்டு பிள்ளை. கூறையின்ரை நிறம் தெரியாமல் நான் பாக்கமாட்டன்."

கூறைச் சேலை மாப்பிள்ளை வீட்டுச் செலவுதான். ஆனால் எடுக்கிற பொறுப்பை அவர்கள் அம்மாவிடமே விட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பெரிய தெருவான காலி வீதியில் அம்மா கடை கடையாக ஏறி இறங்கி ஓர் அரக்குச் சேலையை எடுத்துத் தெரிந்தவர் கையில் அனுப்பியிருந்தார். அந்தக் கலியாணத்துக்கு அம்மாவின் பக்கத்திலிருந்து போனது அது ஒன்றுதான்.

வயர்களை மாற்றி மாற்றிச் செருகினேன். இரண்டு பின்னேரம் போயிற்று. டிவியோடு வந்த புத்தகத்தைத் தேடியெடுத்து வாசித்தபோதுதான், வீடியோவில் நிறத்தைப் பதியும் முறை நாட்டுக்கு நாடு வேறு என்று தெரிந்தது. டிவியின் முன்பக்கம், அம்மா போட்ட பூத்துணிக்குக் கீழே, ஒரு சின்ன மூடி இருந்தது. அத்தனை வருடம் பார்த்த டிவியில் அப்படியொன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. உள்ளே இருந்த பட்டனை மூன்றாம் தரம் அமத்தியதும் பிள்ளையாருக்கு நிறம் வந்தது. நான் துள்ளிய துள்ளலில் கீழ்வீட்டுக்காரர் சத்தம் போட்டார்.

அம்மா உடனே பார்க்கவில்லை. பஞ்சாங்கம் பார்த்து ஞாயிறு காலை என்றார். அன்று முழுகி, பட்டுடுத்தி, விளக்கேற்றி, தட்டில் அறுகம்புல்லும் மஞ்சள் அரிசியும் கலந்த அறுகரிசியோடு வந்து டிவிக்கு முன்னால் இருந்தார்.

"அம்மா, கலியாணம் முடிஞ்சு ரெண்டு மாசம். இப்ப என்ன நல்ல நேரம்?"

"அங்கை முடிஞ்சது. எனக்கு இண்டைக்குத்தான்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உள்ளே என்னதான் சுழல்கிறது என்று பார்க்கிற ஆசையில் பெட்டியின் மேல்மூடியை முதல்நாளே கழற்றி வைத்திருந்தேன். அதை மூட மறந்துபோனேன்.

கெட்டிமேளம் முழங்கியது. அத்தான் தாலியை எடுத்தார். அம்மா எழுந்து நின்று ஒரு பிடி அறுகரிசியை அக்காவின் தலையைப் பார்த்து எறிந்தார். அது திரையில் பட்டு, நேரே திறந்த பெட்டிக்குள் விழுந்தது. உள்ளே சுழன்ற காற்றாடியில் அரிசி கரகரவென்று அரைபட, பயத்தில் நான் பெட்டியின் பிளக்கை இழுத்தேன். டிவி நீலமாயிற்று.

"முடிச்சுப் போட்டாச்சோ?" அம்மா கேட்டார்.

"இல்லை அம்மா. கொஞ்சம் பொறுங்கோ."

புருவம் பிடுங்கும் இடுக்கியால் அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அம்மா உட்காரவே இல்லை. நின்றபடியே முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

பெட்டி திரும்ப ஓடியது. மூன்று முடிச்சும் விழுந்தன. அரக்குக் கூறை அரக்காகவே தெரிந்தது. அம்மா அரிசி எறியவில்லை. பெட்டிக்குப் பயந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அக்காவுக்குப் பக்கத்திலை நிக்கிற அந்த மனுசி ஆர்?"

"தெரியேல்லை அம்மா."

"என்ரை இடமெல்லோ அது."

அதற்குப் பிறகு அம்மா அழுதார். விசா மறுத்த அன்றுகூட அழாதவர். நான் கைப்பிடியை எடுத்துப் படத்தைப் பின்னால் ஓட்டினேன். ஞாயிற்றுப் பேப்பரை விரித்துப் பெட்டியை மூடினேன்.

"எழும்புங்கோ அம்மா. அத்தான் தாலியை எடுக்கிறார்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நானும் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளினேன்.