நன்னா இருக்கான், டாக்டர்

எனக்கு மனச்சிதைவு நோய். இதை இப்படிப் பட்டென்று சொல்ல எனக்கு நாற்பத்தாறு வயது ஆக வேண்டியிருந்தது. அம்மாவுக்கு எழுபத்தெட்டு ஆகிறது, அவளால் இன்னும் முடியவில்லை.

அப்பா அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். அவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்கு வருகிறது. மயிலாப்பூரில் நாங்கள் இரண்டு பேரும் அதில்தான் சாப்பிடுகிறோம். அம்மாவுக்குப் பிறகு அது எனக்கு வர வேண்டுமானால், இவனால் சம்பாதிக்க முடியாது என்று அரசு டாக்டர் சர்ட்டிபிகேட் தர வேண்டும். ஊனம் நாற்பது சதவீதத்துக்குக் குறையக் கூடாது. போன வருஷம் அம்மாவின் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த எனக்கு, அம்மா போய்விடுவாளோ என்ற பயம் மட்டுமா வந்தது? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அடுத்த மாதம் சோற்றுக்கு என்ன செய்வோம் என்ற பயமும் சேர்ந்தேதான் வந்தது.

வியாதி இருக்கிறதே, அப்புறம் என்ன என்று கேட்பீர்கள். காகிதத்தில் எனக்கு வியாதியே கிடையாது. அதுதான் எங்கள் வீட்டுச் சாமர்த்தியம்.

எனக்கு முதன்முதலில் குரல்கள் கேட்க ஆரம்பித்தது இருபத்திரண்டு வயதில். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். "அண்ணாக்காரனுக்கு இப்படின்னு தெரிஞ்சா அவளை எவன் பண்ணிப்பான்?" என்றாள் அம்மா. மயிலாப்பூர் டாக்டர் யாரிடமும் காட்டாமல் தி. நகரில் ஒரு மாடி கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். அங்கே பெயர் கேட்டதும் கண்ணைச் சிமிட்டாமல் வேறு ஒரு பெயரைச் சொன்னாள். பதினெட்டு வருஷம் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நான் எழுந்து போனேன். மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் அந்தப் பெயரில்தான். அந்த டாக்டரும் காலமாகிவிட்டார். கிளினிக் இருந்த மாடியில் இப்போது செல்போன் கடை. பழைய சீட்டைக் காட்டித்தான் தெரிந்த மருந்துக் கடையில் அம்மா மாத்திரை வாங்கி வருகிறாள்.

தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். நான் படுக்கையை விட்டு எழாத ஒவ்வொரு தடவையும் அப்பா மஞ்சள் காமாலை என்று லீவு லெட்டர் எழுதுவார். அத்தனை காமாலை வந்தவன் எவனும் பிழைத்திருக்க முடியாது! வேலை போன பிறகு, பிள்ளை ஏன் வீட்டிலேயே இருக்கிறான் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல அம்மா திண்டாடினாள். கொரோனா வந்து ஊரே வீட்டுக்குள் உட்கார்ந்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. "ஆத்துலேர்ந்தே வேலை பாக்கறான், இப்போ எல்லாருக்கும் அப்படித்தானே" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

முதல் தடவை சர்ட்டிபிகேட்டுக்காக நான் மட்டும் தனியாக ஃபைலைத் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிளார்க் என் ஆதாரையும் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது வேற யாரோ பேர்ல கீதே சார். உங்களுது எங்க?"

டாக்டரிடம் அனுப்பினார். இளம் வயதுப் பெண் டாக்டர், பொறுமையாகத்தான் கேட்டார். பழைய காகிதத்தை ஏற்க முடியாது, கூடவே இருக்கிறவர் வந்து நடப்பதைச் சொன்னால் அதை வைத்து ஊனம் எத்தனை சதவீதம் என்று மதிப்பெண் போடலாம் என்றார். கூடவே இருப்பது அம்மா ஒருத்திதான்.

அடுத்த வாரம் அம்மாவோடு போக வேண்டும். அன்று காலையில் நான் எப்படி இருக்கிறேனோ அப்படியே வருகிறேன் என்றேன். கேட்டாளா? "டாக்டர் முன்னாடி இப்படியா போய் நிக்கறது" என்று வாளியில் வெந்நீர் விளாவி வைத்தாள். ஷேவ் பண்ணிக்கொள்ளும்வரை பக்கத்திலேயே நின்றாள். அயர்ன் பண்ணின சட்டையை மாட்டி, நெற்றியில் விபூதியும் இட்டுவிட்டாள். ஆட்டோவில் போகும்போது நான் பாடம் நடத்தினேன். பத்து நாள் குளிக்காமல் கிடப்பதைச் சொல்லு, ராத்திரியெல்லாம் சுவரோடு பேசுவதைச் சொல்லு, நான் பிடித்துத் தள்ளினதில் உன் மணிக்கட்டு உடைந்ததைச் சொல்லு. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

"வீட்ல எப்படி இருப்பார்மா?" என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"சமத்தா இருப்பான்."

"தானா குளிப்பாரா?"

"பேஷா! பாத்தாலே தெரியலையா?"

"கோபம் வருமா? யாரையாவது அடிச்சிருக்காரா?"

அம்மா புடவைத் தலைப்பை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லை. கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினவன் டாக்டர். மனசு வெச்சா எந்த வேலையும் பண்ணுவான்."

பெண் வீட்டுக்காரர்களிடம் பேசுகிற மாதிரி என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். "டாக்டர், அம்மா சொல்றது பொய்" என்று நானே குறுக்கிட்டேன். எந்த வயதில் தொடங்கியது, என்ன மாத்திரை, எத்தனை நாள் வாசலைத் தாண்டவில்லை, மணிக்கட்டு எப்படி உடைந்தது, பெயர் ஏன் மாறியது என்று ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார்.

"ரொம்பத் தெளிவா பேசறீங்க சார். உங்க நிலைமையை நல்லாப் புரிஞ்சு வெச்சிருக்கீங்க" என்றார்.

தொலைந்தது. வாய் குழறியிருந்தால் மதிப்பெண் கிடைத்திருக்கும்.

"இப்போதைக்கு நாற்பதுக்குக் கீழதான் வருது. இனிமே இங்கேயே உங்க பேர்ல ட்ரீட்மென்ட் எடுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி பார்க்கலாம்."

ரெண்டு வருஷம் என்று அவர் சொன்னதும் நான் அம்மாவின் நெஞ்சைத்தான் பார்த்தேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும், "ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்றேன்.

"வாயே வரலைடா. பெத்த பிள்ளையைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட எப்படிடா அப்படிச் சொல்லுவேன்?"

"நீ செத்தா நான் பிச்சை எடுக்கணும்!" என்று கத்தினேன். ஃபைலைச் சுவரில் அடித்தேன். யாரோ ஒருவனின் பதினெட்டு வருஷச் சீட்டுகள் வராந்தா முழுக்கப் பறந்தன. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த குரல்கள் அத்தனையும் ஒரேயடியாகக் கிளம்பின. அவற்றை நிறுத்தத் தலையைச் சுவரில் மோதினேன், திரும்பத் திரும்ப மோதினேன். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து ஒதுங்கினார்கள். வாட்ச்மேன் ஓடி வந்து, "இன்னா சார், இன்னா ஆச்சு?" என்று என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார்.

சத்தம் கேட்டு டாக்டர் வாசலுக்கே வந்துவிட்டார். கையில் பேனா இருந்தது. என்னைப் பார்த்தார், கீழே கிடந்த சீட்டுகளைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் கேட்டார். "என்னம்மா ஆச்சு? அடிக்கடி இப்படி வருமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். சொல்லும்மா, சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

அம்மா தலைப்பை எடுத்து என் நெற்றி ரத்தத்தையும் வாயோரத்து எச்சிலையும் துடைத்தாள்.

"ஒண்ணுமில்லை டாக்டர். காலம்பறலேர்ந்து சாப்பிடலை, வெய்யில் வேற. மத்தபடி நன்னா இருக்கான்."

டாக்டர் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். அம்மாவின் கையைத் தட்டிவிட நினைத்தேன். முடியவில்லை. முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.