மொட்டையின் கடைசி வசனம்

அண்ணி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த முதல் வாரம். ஒரு காலையில் முன்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணன் வாங்கி அடுக்கி வைத்திருந்த சீனக் காமிக்ஸ் புத்தகங்களில் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். புத்தகத்தைப் பின்னட்டையிலிருந்து திறந்திருந்தார். கடைசிப் பக்கத்தில் ஆரம்பித்து முன்பக்கத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து அதைப் பார்த்த அம்மா, என் காதருகே குனிந்து, "புத்தகத்த எந்தப் பக்கம் தொறக்கிறதுன்னுகூட தெரியல பாரு," என்றார். அம்மாவின் குரலில் கேலியைவிடக் கவலைதான் அதிகம் இருந்தது. கோலா கிளாவாங் மலைப்பக்கத்திலிருந்து வந்த பெண், அதிகம் பேசாதவர், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவர். அவருக்கு எங்களைப் பிடிக்கவில்லை என்று அம்மா தானாகவே முடிவு செய்திருந்தார்.

அப்போது அண்ணி சிரித்துவிட்டார். பக்கத்தைத் திருப்பினார், மறுபடியும் சிரித்தார். எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரியை நிறுத்திவிட்டுப் பசியாற வந்த அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அது பின்பக்கம்லா," என்றார்.

"இல்லைங்க. இதுதான் முன்பக்கம். சீனப் புத்தகம் இப்படித்தான் ஆரம்பிக்கும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நான் சீனப்பள்ளியில படிச்சேன். அப்பா சீனர் தோப்புல டுரியான் வேலை. எங்களுக்குக் கிட்ட இருந்தது அந்தப் பள்ளிக்கூடந்தான்."

அண்ணன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். ஓர் எழுத்தும் தெரியாமல், படங்களை மட்டும் பார்த்து, அத்தனை புத்தகங்களையும் அவர் தலைகீழாகவே படித்து வந்திருக்கிறார். "அதான் அடிபட்டுக் கெடக்கிறவனெல்லாம் கடைசியில தெம்பாயிடறானேன்னு யோசிச்சேன்," என்று அவர் சொன்னபோது அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்மாவும் அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் காமிக்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்த காரணத்தை அண்ணிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. புக்கிட் பெலண்டோக்கில் நாங்கள் குடியிருந்த செம்பனைத் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் போனால் லுக்குட் பட்டணம் கொஞ்ச தூரம்தான். அங்கே கடைகளின் முன்நடையான அஞ்சடியில், காசு போட்டு விளையாடும் கேம் கடை ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும், அவருக்கு அடுத்துப் பிறந்த சின்னண்ணனும் அந்தக் கடைக்குப் போவார்கள். அவர்கள் விளையாடியது, நாடு முழுக்க இளைஞர்கள் பைத்தியமாகக் கிடந்த ஒரு சண்டை விளையாட்டு. முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று புதிது புதிதாக வந்துகொண்டே இருந்தது. அதில் இரண்டு வீரர்கள் கூட்டாளிகள். நீளமாகச் சடை பின்னியவனை எங்கள் வீட்டில் சடையன் என்பார்கள். தலை மழித்த பருமனானவன் மொட்டை. அண்ணன் எப்போதும் சடையன், சின்னண்ணன் எப்போதும் மொட்டை. ஒரே இயந்திரத்தின் முன்னால் தோள் உரச நின்று விளையாடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது பெண்பிள்ளைகள் போகும் கடை இல்லை. நான் பார்த்ததில்லை.

ஒருநாள் தோட்டத்து எண்ணெய் ஆலையில் வேலை முடிந்து வரும்போது, சடக்கில் சாலை வளையும் இடத்தில் சின்னண்ணனின் மோட்டார் சைக்கிள் லோரி ஒன்றில் மோதிவிட்டது. மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. காரியங்கள் முடிந்த பிறகு அவருடைய படத்துக்கு மாலை போட்டுச் சாமி அறைக்குப் பக்கத்தில் மாட்டினோம். அதோடு அவர் பெயர் வீட்டில் நின்றுபோனது. அழ வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் ஒருவர் முன்னால் ஒருவர் அழ எங்களுக்குப் பயமாக இருந்தது. அப்பா ஆலையில் கூடுதல் நேர வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மா சின்னண்ணனின் துணிகளை மடித்து எங்கோ வைத்துவிட்டார். அண்ணன் அதன்பிறகு கேம் கடைப் பக்கமே போகவில்லை. அந்த விளையாட்டின் கதை சீனத்தில் காமிக்ஸாக வருவதை லுக்குட் புத்தகக் கடையில் பார்த்தவர், ஒவ்வொன்றாக வாங்கத் தொடங்கினார். பக்கத்தில் ஆள் இல்லாமல் அந்த இயந்திரத்தின் முன்னால் நிற்க அவரால் முடியாது என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் புரிந்தது.

அண்ணி சீனம் படிக்கத் தெரிந்தவர் என்று தெரிந்ததும் வீட்டின் மாலைநேரம் மாறிவிட்டது. வேலை முடிந்து குளித்துவிட்டு அண்ணன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வருவார். அண்ணி சீனத்தில் ஒரு கட்டத்தைப் பார்ப்பார், அதை அப்படியே எங்கள் தோட்டத்துத் தமிழில் சொல்வார். சடையனுக்கும் மொட்டைக்கும் சீனப் பெயர்கள் இருந்தன. அண்ணி அவற்றைச் சொன்னாலும் எங்கள் யாருக்கும் ஒட்டவில்லை. கொஞ்ச நாளில் அவரே "மொட்டை என்னா சொல்றான்னா" என்று ஆரம்பிக்கப் பழகிவிட்டார். வில்லன் பேசும்போது குரலைத் தடிப்பாக்குவார். அவ்வளவு அமைதியான பெண்ணுக்குள் இத்தனை குரல்கள் எங்கே இருந்தன என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் சன்னலோரம் வந்து நிற்கத் தொடங்கினார்கள். இரண்டு பேரும் சகோதரர்களாக இருப்போம் என்று சத்தியம் செய்துகொண்டவர்கள் என்பதும், அண்ணன் வில்லன் என்று நினைத்திருந்த கிழவர் உண்மையில் சடையனின் தகப்பன் என்பதும் அப்படித்தான் தெரிய வந்தன. அம்மா மட்டும் வந்து உட்காரமாட்டார். அடுப்படியில் ஏதாவது வேலையாக இருப்பார். அண்ணி வாசிக்கும்போது பாத்திரச் சத்தம் மட்டும் கேட்காது.

புத்தகக் கடை முதலாளியான தவுக்கேக்கு இந்தச் செய்தி எப்படியோ எட்டிவிட்டது. கோலாலம்பூரில் இருந்த அவருடைய சிநேகிதர் ஒருவர் அந்தக் காமிக்ஸை மலாயில் கொண்டுவர உரிமை வாங்கியிருந்தார். சீனம் தெரிந்தவர்கள் மொழிபெயர்த்துக் கொடுத்த மலாய் அவருக்குப் பிடிக்கவில்லை. விறைப்பாக இருக்கிறது, பிள்ளைகள் இப்படிப் பேசமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். தவுக்கே அண்ணனிடம், உன் பெண்டாட்டிக்கு மலாயும் வருமே, ஒரு புத்தகத்தைச் செய்து பார்க்கட்டும் என்றார். அம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை. "பொம்மைப் புக்கு எழுதவா கல்யாணம் கட்டி வந்துச்சு?" என்றார். மறுநாள் சாயங்காலம் அண்ணி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுத, அண்ணன் போய் மீனை ஆய்ந்து கழுவி வைத்தார். எங்கள் வீட்டில் ஆம்பிளை மீன் ஆய்ந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

மலாய்ப் புத்தகங்கள் வெளிவந்தன. நன்றாகவே விற்றன. என் இடைநிலைப்பள்ளியில் மலாய்ப் பையன்கள் மேசைக்கடியில் வைத்துப் படித்தார்கள். அதில் மொட்டை பேசும் கிண்டல் வார்த்தைகளைத் திடலில் கத்திக்கொண்டு ஓடுவார்கள். அவையெல்லாம் என் அண்ணி எங்கள் சாப்பாட்டு மேசையில் எழுதியவை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நான் யாரிடமும் சொல்லவில்லை. அதை எனக்குள்ளேயே வைத்துக்கொள்வது சந்தோஷமாக இருந்தது.

பிறகு ஒரு வாரம் அண்ணியின் வேலை நகரவே இல்லை. தவுக்கே புதுச் சீனப் புத்தகத்தைக் கடைக்கு வருவதற்கு முன்னமே கொடுத்தனுப்பியிருந்தார். அண்ணி அதைத் திறப்பார், மூடுவார், எழுந்து போய்த் துணி மடிப்பார். அண்ணன் கேட்டால், "இன்னும் படிக்கலைங்க," என்பார். கடைசியில், கொல்லைப்புறத்தில் துணி காயப்போடும்போது என்னிடம்தான் சொன்னார்.

"மொட்டை செத்துடுறான் பாப்பா."

"கேம்ல சாகமாட்டானே அண்ணி. காசு போட்டா எழுந்திருச்சிடுவான்."

"புக்குல காசு போட முடியாதே."

நான் ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி நின்றேன். அண்ணிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மொட்டையாக விளையாடியவர் யார் என்பதை எப்போதோ யாரிடமோ கேட்டுத் தெரிந்து வைத்திருந்தார். "சின்னண்ணன் எப்படிப் பேசுவாரு?" என்று கேட்டார். சின்னண்ணன் போன பிறகு அவரைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்ட முதல் ஆள், அவரைப் பார்த்தே இராத அண்ணிதான். சொல்ல வாய் திறந்தேன். அவர் குரல் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அண்ணி என்னைக் கட்டிக்கொண்டார். அன்றுதான், அந்தத் துணிக்கொடியின் கீழேதான், நான் சின்னண்ணனுக்காக வாய்விட்டு அழுதேன்.

"புக்கு கடைக்கு வந்தா உங்க அண்ணனே படத்தப் பார்த்துடுவாரு. அதுக்கு முன்னாடி நானே படிச்சுக் காட்டிடறேன்," என்றார் அண்ணி. அதைச் செய்யும் தைரியம் எனக்கு இருந்திருக்காது.

ஞாயிறு மதியம், மழை. அடுப்படியின் பின்படியில் அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார், நான் அவர் பக்கத்தில். அண்ணி எப்போதும் போல வாசித்தார். ஆனால் குரல்களை மாற்றவில்லை. பாலத்தை மறித்து மொட்டை தனியாக நிற்கிறான். சடையன் தப்பிப்பதற்காக எல்லா அடிகளையும் தானே வாங்குகிறான். சடையன் திரும்பி ஓடி வந்து அவனை மடியில் தாங்குகிறான்.

"மொட்டை சொல்றான், 'அடுத்த பிறவியிலும் நாம் சகோதரர்களாகவே பிறப்போம்.'"

அண்ணன் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவன் அப்படிச் சொல்லமாட்டான்," என்றார்.

எந்த அவன் என்று அண்ணி கேட்கவில்லை. "வேற என்னங்க சொல்லுவாரு?" என்றார்.

"கேம்ல அவன் ஆளு செத்துட்டா மறுபடி காசு போடமாட்டான். இருக்கிற காச என் பக்கம் தள்ளிடுவான். பின்னால வந்து நின்னுக்குவான். 'நீ விளையாடுண்ணே, நான் இங்கேருந்து பார்க்கிறேன்'னு சொல்லுவான். அவ்வளவுதான் சொல்லுவான்."

சொல்லி முடித்ததும் அண்ணனின் தோள்கள் குலுங்கின. அண்ணி புத்தகத்தை மூடிப் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் முதுகில் கை வைத்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். நெத்திலித் தட்டில் அவர் கை அப்படியே நின்றிருந்தது. எழுந்து உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து பின்வாசலுக்குப் போய், அண்ணனுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தார்.

"சின்ன வயசுலயே அப்படித்தான்," என்றார் அம்மா. "ராட்டினத்துக்குக் காசு கொடுத்தா, அண்ணன ஏத்திவிட்டுட்டு அது கீழ நிக்கும். நீ ஏறலையாடான்னா, நான் பார்க்கிறேம்மான்னும்."

மழை விட்ட பிறகும் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். சின்னண்ணன் பள்ளிக்கு மட்டம் போட்டது, அப்பாவின் சிலுவாரைக் காலில் மாட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போனது, எல்லாம் வந்தது. ஓரிடத்தில் அம்மா சிரித்தார். வேலை முடிந்து வந்த அப்பா சின்னண்ணனின் பெயரைக் கேட்டுத் திடுக்கிட்டு நின்றார். பிறகு கோப்பி எதுவும் கேட்காமல் வந்து உட்கார்ந்தார். அம்மா எழுந்தபோது அண்ணியின் தலையில் கை வைத்து, "நீ படிம்மா. சமையல நான் பார்த்துக்கிறேன்," என்றார். அதன்பிறகு எங்கள் வீட்டில் அண்ணியின் எழுத்து வேலையைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை.

அந்த வசனத்தை அண்ணி மலாயில் இப்படி எழுதினார்: "அபாங் தெருஸ்கான். சாயா தெங்ஙோக் டாரி சினி." அண்ணே, நீங்க தொடருங்க, நான் இங்கிருந்து பார்க்கிறேன். கோலாலம்பூரிலிருந்து தவுக்கேக்குப் போன் வந்தது. மூலத்தில் இப்படி இல்லையே, மாற்றச் சொல்லுங்கள் என்றார்களாம். அண்ணி கடைக்கே நேரில் போனார், நானும் கூடப் போனேன். யாரிடமும் குரல் உயர்த்தாத அண்ணி, "மத்ததெல்லாம் உங்க இஷ்டம் தவுக்கே. இத மட்டும் விட்டுடுங்க," என்று மலாயில் சொன்னார். தவுக்கே சீனத்தையும் மலாயையும் மாறிமாறிப் படித்தார். காரணம் கேட்கவில்லை. எங்கள் எதிரிலேயே போனை எடுத்து, அந்தப் பெண் எழுதியபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு ஆளுக்கொரு குளிர்பானம் எடுத்துக் கொடுத்தார். அப்படியே அச்சானது.

இரண்டு வருடம் கழித்து அந்த மலாய்ப் பதிப்பு நின்றுபோனது. தோட்டமும் கைமாறி, நாங்கள் லுக்குட் பக்கம் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு வந்தோம். அப்பா இப்போது இல்லை. அண்ணன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். அண்ணி பாலர் பள்ளியில் வேலை செய்கிறார். மாலையில் தொலைக்காட்சிச் சீனத் தொடர்களுக்குத் தமிழில் வசனம் சொல்லி அம்மாவைப் பார்க்க வைக்கிறார்.

நான் சிரம்பானில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். சென்ற மாதம் மதிய உணவு நேரத்தில், என் பிரிவில் வேலை செய்யும் இரண்டு மலாய் இளைஞர்கள் கைப்பேசியில் ஏதோ விளையாட்டில் மூழ்கியிருந்தார்கள். ஒருவன் சீக்கிரமே தோற்றுவிட்டான். கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு மற்றவன் தோளருகே நாற்காலியை இழுத்துப் போட்டான். "அபாங் தெருஸ்கான். சாயா தெங்ஙோக் டாரி சினி," என்றான். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். எங்கே கற்றாய் இதை என்று கேட்டேன். "தெரியலக்கா. எங்க அண்ணன்மார் சொல்லுவாங்க. சின்னதுலேருந்து சொல்றோம்," என்றான் மலாயில். யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய சாதாரண வார்த்தைகள்தாம். தற்செயலாகவும் இருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

படிக்கட்டுப் பக்கம் போய் அண்ணிக்குப் போன் செய்து சொன்னேன். "உங்க அண்ணன் பக்கத்துலதான் இருக்காரு. கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு," என்றார். பிறகு அண்ணனின் குரல் வந்தது.

"அந்த இன்னொருத்தன், ஜெயிச்சானா?"

"இல்லண்ணே, தோத்துட்டான். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து மறுபடி ஆரம்பிச்சிட்டாங்க."

"ம். நல்லது," என்றார் அண்ணன். போனை அண்ணியே வாங்கி, "சாயங்காலம் வீட்டுக்கு வா பாப்பா. அத்தைக்கிட்ட நீயே சொல்லு," என்றார்.

போனேன். அம்மாவுக்கு இப்போது காது மந்தம். அருகில் உட்கார்ந்து, அந்த இரண்டு பையன்களைப் பற்றி நிதானமாகச் சொன்னேன். அவன் சொன்னதை மலாயிலும் பிறகு தமிழிலும் சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரியா கேக்கல," என்றார். "இன்னொரு தடவ சொல்லு."

அவருக்கு நன்றாகக் கேட்டிருந்தது என்று எனக்குத் தெரியும். இன்னொரு தடவை சொன்னேன்.