விசுவாசியை அனுப்பும் என்று கேட்டேன்

2024 நவம்பர் 10, ஞாயிறு, பகல் 12.10. பனிமூட்டம், மெல்லிய சாரல். ஆராதனை முடிந்து எங்கள் ஊர் வெள்ளக்கடைக்குத் திரும்பும்போது மலைப்பாதையின் ஒரு வளைவில் என் ஸ்கூட்டர் வழுக்கியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்புதான். என் மனைவி எஸ்தரின் தலை பாறையில் மோதிவிட்டது. சேலையெல்லாம் ரத்தம். எழுபத்தொரு வயதில் அவளைத் தூக்க எனக்கு வலுவில்லை. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். மூன்று கார்கள் வேகம் குறைத்தன, பார்த்தன, போய்விட்டன.

“ஆண்டவரே, விசுவாசி ஒருவரை அனுப்பும்” என்று அழுதேன்.

நம் சபை வேன் வந்தது. ஜெபம் கேட்கப்பட்டது என்றே நினைத்தேன். உள்ளே பதினொரு பேர். செயலாளர் மட்டும் இறங்கினார்.

“ஐயா, தலையில அடிங்க. நாம தூக்கி ஏதாச்சும் ஆயிட்டா கேஸாயிருமுங்க. ஆம்புலன்ஸ் வரட்டும், ஜெபம் பண்ணிக்கலாம்.”

எஸ்தரின் தலைமேல் கை வைத்து உருக்கமாக ஜெபித்தார். ஜன்னல்களிலிருந்து ஆமென் கேட்டது. வேன் போய்விட்டது. அடுத்தவர் இறங்குவார் என்று ஒவ்வொருவரும் காத்திருந்திருப்பார்கள். இப்படிச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். மனம் தேறவில்லை.

“யாரையாவது அனுப்பும்” என்றேன்.

மாலை போட்ட புது பிக்கப் ஒன்று நின்றது. கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டுவிட்டு வந்த மலை விவசாயி, பக்கத்தில் அவர் மனைவி. இன்னும் ஒரு மூட்டைகூட ஏற்றாத வண்டி.

“ஏனுங்க, மொத லோடே ரத்தமா?” என்றார் அந்த அம்மா.

“பின்ன, காப்பிக்கொட்டை ஏத்தி எறக்கற வரைக்கும் இவங்களைக் காத்திருக்கச் சொல்லட்டுமா? காலைப் புடி புள்ள!”

முணுமுணுத்த அந்த அம்மாதான் ஆஸ்பத்திரி வரை எஸ்தரின் தலையை மடியில் வைத்திருந்தார். பதினெட்டுத் தையல். இன்னும் தாமதித்திருந்தால் தாங்கியிருக்க மாட்டார் என்றார் டாக்டர்.

“கேஸுக்குப் பயமில்லையா?” என்று விவசாயியைக் கேட்டேன்.

“நொம்பப் பயமுங்க. ஆனா அம்மா கண்ணைத் தொறந்து என்னையப் பாத்துட்டாங்களே. அப்பறம் எப்படிங்க போறது?”

அடுத்த ஞாயிறு, நம் ஜெபத்தால் சகோதரி பிழைத்தார் என்று சபையில் அறிவித்தார்கள். எல்லோரும் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை.

கர்த்தருக்குக் கோடி ஸ்தோத்திரம். எஸ்தர் இன்று எனக்குச் சோறு போடுகிறாள். வழியில் யாராவது விழுந்து கிடந்தால் இப்போது பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுகிறேன். நீங்களும் ஆபத்தில் அவரைக் கூப்பிடுங்கள், அனுப்புவார். யாரை அனுப்புவது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். உங்களையே அனுப்பினால், தயவுசெய்து இறங்குங்கள்.

அரசு ஆஸ்பத்திரி என்பதால் செலவில்லை. விவசாயி வாடகை வாங்கவில்லை. ஆனால் ரத்தம் பட்டதால் வண்டிக்கு மறுபடி பூஜை போட வேண்டுமாம். அந்தச் செலவை, ஞானஸ்நானம் பெற்ற நான்தான் கொடுத்தேன். பூசணிக்காய், எலுமிச்சை, மாலை, தட்சிணை எல்லாம் சேர்த்து 1,340 ரூபாய்.