ஆறு கிளிப்புகள்

விழுப்புரத்துக்கு முந்தைய வளைவொன்றில் தினமும் காலையில் ஆறு கிளிப்புகள் வெளியே வந்திருக்கும். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்துவைக்கும் இரும்புக் கிளிப்புகள். அதே ஆறு, வளைவின் வெளிப்பக்கத் தண்டவாளத்தில். கணவர் இறந்தபின் அவருக்குப் பதிலாக எனக்குக் கிடைத்த ரயில்வே வேலை, எனக்கென்று ஒதுக்கிய பாதைத் துண்டை, என் பீட்டை, தினமும் நடந்து பார்ப்பது. சுத்தியலோடு நடந்துபோய் ஆறையும் அடித்து உள்ளே தள்ளிவிடுவேன். காலையில் பாயைச் சுருட்டுகிற மாதிரிதான். யாரிடமும் சொன்னதில்லை. கையால் முடிகிற வேலையை வாயால் சொல்லிக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்காது. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

எங்கள் குழுவின் மேஸ்திரி பத்து மணிக்குத்தான் வருவார். குனிந்து பார்த்து, "ஒன் பீட்டு கோயிலு மாதிரி கீதும்மா" என்று நோட்டில் கையெழுத்துப் போடுவார். ஓய்வுபெற அவருக்கு நான்கு மாதம் இருந்தது.

ஒரு மத்தியானம், திண்டிவனத்திலிருந்து வந்த காலி கூட்ஸ் வண்டியின் இரண்டு பெட்டிகள் அந்த வளைவில் தடம் புரண்டன. யாருக்கும் அடியில்லை. சாய்ந்து நின்ற பெட்டிகளைப் பார்த்தேன், ஒன்றுமே தோன்றவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து சோற்றைச் சாப்பிட்டேன்.

விசாரணைக்கு வந்த இன்ஜினியர் விளக்கினார். வளைவில் சக்கரம் வெளித் தண்டவாளத்தைப் பக்கவாட்டில் தள்ளும். வண்டியின் பாரம்தான் சக்கரத்தைக் கீழே அழுத்திப் பிடிக்கும். காலிப் பெட்டியில் பாரம் குறைவு. தள்ளுவது மிஞ்சினால் சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிவிடும்.

"இவ்ளோ தள்ளியிருந்தா கிளிப்பு முன்னாடியே கழண்டு காட்டியிருக்குமே?"

"டெய்லி பாக்குறேன் சார், ஒன்னுகூட கழண்டதில்ல" என்றார் மேஸ்திரி.

இன்ஜினியர் என் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா பண்ணே?"

"டெய்லி அடிச்சு டைட் பண்ணேன் சார்."

எதை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். என்மேல் தவறில்லை என்று எழுதினார்கள். கிளிப்புகள் கழண்டதைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார் என்று மேஸ்திரியை சஸ்பெண்ட் செய்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து அவரைக் கடைத்தெருவில் பார்த்தேன்.

"தினமும் குனிஞ்சு பாத்துக்கினுதானம்மா இருந்தேன். எனுக்கு ஒன்னுமே தெரியலியே."

சொல்லிவிட அப்போதும் நேரம் இருந்தது. "வயசாவுது இல்லீங்களா, மேஸ்திரி" என்றேன்.

தலையாட்டினார். அப்போதுதான் கவனித்தேன், புதுக் கண்ணாடி போட்டிருந்தார்.