ஈரப் பாவாடை

வாஷிங் மெஷினில் நேற்று மறந்துவிட்ட துணியை இன்று காலை எடுத்தபோது வந்த ஈரம் புழுங்கிய வாடை, தோஹாவின் இந்த ஒற்றை அறையிலிருந்து என்னைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோனது. அங்கே அம்மா துணி துவைத்த லாட்ஜ் இப்போது இல்லை, இடித்துவிட்டுக் கார் நிறுத்துகிறார்கள். சாரல் மாதங்களில் அதன் பின்கட்டில் வெந்நீர் அண்டாவைச் சுற்றிக் கொடி கட்டி, தங்க வந்தவர்களின் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் காயவைப்பாள். விறகு வெடிக்கும், ஓட்டின்மேல் சாரல் ஓயாது, கொடியில் இடமிருந்தாலும் என் பள்ளிக்கூடப் பாவாடையை மட்டும் அதில் போடமாட்டாள்.

“ஏட்டி, ஈரத்தோடயே உடுத்திட்டுப் போ. ஒன் ஒடம்புச் சூட்டுலயே காஞ்சிரும். நான் இல்லாத எடத்துல வெந்நி அண்டாவுக்கு எங்கன போவ?”

பெஞ்சில் ஈரம் படிய, அவளை மனதுக்குள் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது மணி அடிப்பதற்குள் பாவாடை காய்ந்திருக்கும். கோபம்தான் சாயங்காலம்வரை போகாது.

அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. இங்கே பால்கனியில் போட்டால் அரை மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும். நான் போடவில்லை. மெஷினிலிருந்து எடுத்த சட்டையை ஈரத்தோடே மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.